முழங்கால் வலியோடு நண்பர்களுடன் மாரத்தான் ஓடலாமா?

நண்பர்கள் மூவருடன் கடலோரப் பாதை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்ட நிலையில், இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலி வந்திருப்பதாகவும், ஓட்டத்துக்கு ஐந்து வாரமே இருப்பதால் ஓடுவதா விலகுவதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடந்த ஆண்டு பிப்ரவரியில் இதே வலியோடு, இதே இடது காலோடு, கோத்தகிரியில் 42 கிலோமீட்டர் ஓடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவர் தடுக்காதவரை ஓடலாம் என்பதே என் கருத்து. ஆனால் எங்கே நிறுத்துவது என்ற முடிவை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதை முன்கூட்டியே நண்பர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எனக்கு வந்தது இலியோடிபியல் பட்டையில் ஏற்படும் வலி. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலைத் தாண்டிக் கணைக்கால் எலும்பின் மேல்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் தடித்த நார்ப்பட்டை அது. முழங்கால் ஏறத்தாழ 30 பாகை மடங்கும்போது அந்தப் பட்டை தொடை எலும்பின் வெளிப்புறப் புடைப்பின் மேல் அழுந்துகிறது. ஏற்றத்தில் முழங்கால் அதைவிட நன்றாக மடங்கிய நிலையிலேயே பாதம் தரையைத் தொடுவதால் தொல்லை குறைவு. இறக்கத்திலோ கால் நீண்டு விழுந்து, ஒவ்வோர் அடியிலும் அந்தக் கோணத்துக்குள்தான் உடலின் பாரத்தைத் தாங்குகிறது. ஏறும்போது காணாமல் போய் இறங்கும்போது திரும்பி வருவது இந்த வலியின் இயல்பு. நீலகிரியில் ஏறிய தூரத்தையெல்லாம் இறங்கியே ஆக வேண்டும் என்பதால் அதை மறந்திருக்க வழியே இல்லை.

உங்களுக்கும் இதே வலிதான் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட வேண்டாம். முழங்கால் வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, எலும்பின் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓர் அடிகூட ஓடாதீர்கள். எலும்பில் விழுந்த மெல்லிய கீறலோடு ஓடினால் அது முழு முறிவாகக்கூடும். அப்படிப்பட்ட காயத்துக்கு இந்தப் பதிலில் சொல்லும் எதுவும் பொருந்தாது.

டிசம்பர் இறுதியில் கோடநாட்டிலிருந்து திரும்பும் இறக்கத்தில்தான் எனக்கு வலி தொடங்கியது. குன்னூரில் இயன்முறை மருத்துவர் ஒருவர் பரிசோதித்துவிட்டு, முழங்காலைவிட இடுப்பைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். ஒற்றைக் காலில் நிற்கும்போது என் இடுப்பு மறுபக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வே பட்டையை இழுக்கிறது என்று விளக்கினார். பத்து நாள் ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தினேன். பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நின்று இடுப்பு சாயாமல் மெல்லத் தாழ்ந்து எழுவது ஆகிய இரண்டையும் நாள்தோறும் செய்தேன். அதன் பிறகு ஏற்றங்களில் ஓடி, இறக்கங்கள் அனைத்திலும் நடந்தேன்.

எங்களுடையது யாரும் நடத்திய போட்டி அன்று. நாங்கள் நால்வரும் ஓராண்டாகத் திட்டமிட்ட ஓட்டம். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர், செவிலியரான தோழி, நான். முந்தின நாள் மாலை தேநீரும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தபோது, இறக்கங்களில் நான் ஓடக் கூடாது என்றும், நான் நொண்டுவதாக மூவரில் எவருக்குத் தோன்றினாலும் அந்த இடத்திலிருந்து நடக்க வேண்டும் என்றும், நடக்கும்போதும் நொண்டினால் அடுத்து வரும் பேருந்தில் ஏறிவிட வேண்டும் என்றும் பேசி முடித்தோம். ஓட்டத்தின் நடுவில் என் சொல்லை ஏற்கக் கூடாது என்பதையும் நானே கேட்டுக்கொண்டேன்.

காட்டெருமையும் கரடியும் நடமாடும் பகுதி என்பதால் நன்றாக விடிந்த பிறகே புறப்பட்டோம். முதலில் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாங்வுட் சோலையின் விளிம்புவரை போய்த் திரும்பி, பிறகு சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோடநாடு காட்சிமுனைக்குச் சென்று மீள்வது திட்டம். இயன்றவரை தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளில் ஓடினோம். காட்சிமுனையில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை வலி இல்லை.

27ஆவது கிலோமீட்டரில் அது வந்தது. இறக்கங்களில் நடந்து, சமதளத்தில் மட்டும் ஓடிச் சமாளித்தேன். 31ஆவது கிலோமீட்டரில், பின்னால் வந்துகொண்டிருந்த தோழி, "அண்ணா, இடது காலை வெளியே வீசி வெக்கிறீங்க. இனிமே நடங்க" என்றார். எனக்கு அது சிறிதும் தெரிந்திருக்கவில்லை. வலி கூடவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். அதை உண்மையென்றே நம்பினேன். அடிக்கு அடி மிகச் சிறிதாகக் கூடுவதால், நொண்டுபவரின் உடல் அதையே இயல்பான நடையாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பின்னால் வருபவரின் கண்ணுக்குத்தான் அது தெரிகிறது. முடிவை நண்பர்களிடம் ஒப்படையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த ஒரு காரணத்துக்காகவே.

ஈளாடாவை நெருங்கியபோது ஆசிரியர் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும் என்றார். மற்ற இருவரும் நடக்க விடலாம் என்றனர். கடைசியில் ஆசிரியரே, சாலையோரத் தாழ்ந்த திண்டிலிருந்து இடது காலில் பாரத்தைத் தாங்கிப் பத்து முறை மெதுவாக இறங்கச் சொன்னார். குத்தும் வலி வந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். மந்தமான வலி மட்டுமே இருந்தது. எஞ்சிய தூரத்தை நடந்தே கடந்து, 7 மணி 10 நிமிடங்களில் ஊர் சேர்ந்தோம். தனியாக ஓடியிருந்தால் அவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே முடித்திருப்பார்கள். மூவரும் எனக்காக மெதுவாக வந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ஓட்டத்துக்குப் பிறகு மூன்று வாரம் நான் ஓடவில்லை. அந்த விலையை நீங்களும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓடும் நாளில் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சிலர் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். வியர்வையில் நீர் இழந்து சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும்போது, புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்தான் அதன் இரத்தக் குழாய்களை விரித்துக் காக்கிறது. இம்மாத்திரைகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன. கடலோர வெப்பத்தில் அந்த ஆபத்து இன்னும் கூடும். மேலும், நிறுத்தச் சொல்லும் வலியை மறைத்துவிட்டால் உங்கள் நண்பர்களும் ஏமாந்துபோவார்கள்.

இனி உங்கள் பாதை. கடற்கரையில் மலையின் இறக்கம் இல்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். திருச்செந்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மணலில் ஓடியிருக்கிறேன். கரை நீரை நோக்கிச் சரிவதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழுகிறது, இடுப்பும் அந்தப் பக்கமே சாய்கிறது. தாழ்ந்து விழும் காலுக்கே இந்த வலி வர வாய்ப்பு அதிகம் என்பார்கள். கடல் உங்கள் இடப்பக்கம் இருக்கும் திசையில் தாழ்வது இடது கால். நம் கிழக்குக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே என்பதால், ஈரம் இறுகிய சமமான மணற்பட்டையும் அகலமாகக் கிடைக்காது. மேலேயுள்ள உதிரி மணலிலோ, கெட்டியான தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். ஆகவே பாதையின் வரைபடத்தை இன்றே எடுத்து, கடல் இடப்பக்கம் வரும் மணற்பகுதிகள் எந்தெந்தக் கிலோமீட்டரில் வருகின்றன என்று குறித்து, அவற்றை நடந்தே கடப்பதாக நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். மூவரில் ஒருவர் எப்போதும் உங்களுக்குப் பின்னால் வரட்டும்.