ஐந்து பவுன் எடையில் ஒரு குண்டு: துப்பாக்கிக் கேள்வி-பதில்

ராணுவத்தில் ஆயுதப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெரிய போர் (bore, அதாவது குழலின் உள் அகலம்) ரைஃபிள்களைப் பற்றியவை.

கேள்வி: தாத்தாவின் இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைஃபிள் எங்கள் பீரோவில் இருக்கிறது. குழலில் 470 என்று பொறித்திருக்கிறது. தாத்தா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. லைசென்ஸ் அவர் பெயரில்தான். என்ன விலை போகும்? *(நெல்லிக்குப்பம் வாசகர்)*

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம் ஐயா. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதன் பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டதே என்று பயந்து மறைத்து வைக்காதீர்கள். அது இன்னும் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

நீங்கள் சொல்வது .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரகம். இது பிரபலமானதற்கு நம் நாடே காரணம். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் குழல் .450 அங்குல அளவு. அந்தத் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 போர் ரைஃபிள்களைத் தடை செய்தது. அந்த அளவை விட்டுவிட்டு வேட்டைக்காரர்கள் .465, .470, .475 என்று தேடிப் போனார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்கென்று செய்யப்பட்டவை இவை. குண்டு மட்டும் 32 கிராம், அதாவது நான்கு பவுன்.

அமெரிக்காவில்கூட இதன் ஒரு தோட்டா பத்து டாலருக்குக் குறையாது. இந்தியாவில் யாரும் தயாரிப்பதில்லை. ஆகவே இதை வைத்திருக்கலாமே தவிர, சுடுவது ஏறத்தாழ முடியாத காரியம். பீரோவின் மூலையில் தாத்தா காலத்துத் தோட்டாக்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து ஒப்படைத்துவிடுங்கள். 'ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம்' என்ற எண்ணமே வேண்டாம்.

விலை என்பது செய்தவர் பெயரையும் குழலின் நிலையையும் பொறுத்தது. நம் ஊர் உப்புக்காற்றில் குழல்தான் முதலில் போகும். இப்படிப்பட்ட ஒரு துப்பாக்கியைப் பழைய தோல் பெட்டியோடு என்னிடம் கொண்டுவந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது, தோலின் தையல் பட்டிருந்த இடமெல்லாம் குழலின் மேல் வரிசையாகத் துருப் புள்ளிகள், ஊசி குத்தியதைப் போல. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; அதற்குள் துப்பாக்கியை நிரந்தரமாக வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயும் பூசாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியே போதும்.

கேள்வி: அமெரிக்காவில் ஐம்பது கேலிபர் (அரை அங்குலக் குழல்) ரைஃபிளைச் சாதாரண மக்களே வாங்குகிறார்களாமே. இங்கே வாங்க எவ்வளவு ஆகும்? *(கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)*

பதில்: இங்கே எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது, தம்பி. தடை செய்யப்பட்ட ஆயுதங்களுக்கு ஆட்சியர் லைசென்ஸ் தர முடியாது. அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் அதிகாரம். அமெரிக்காவிலும் எல்லா மாநிலங்களிலும் இவற்றை வாங்க முடியாது. கலிபோர்னியா 2004இல் சட்டம் இயற்றி இவற்றின் விற்பனையைத் தடுத்துவிட்டது.

செலவைக் கேட்டதால் சொல்கிறேன். பேரட் எம்82 போன்ற ஐம்பது கேலிபர் ரைஃபிள் ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய். ஒரு தோட்டாவுக்கு நான்கைந்து டாலர். பத்து முறை விசையை இழுத்தால் நான்காயிரம் ரூபாய் போய்விடும். எடை ஏறத்தாழ 14 கிலோ, வீட்டு சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவின் எடை. குண்டு 42 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து பவுனைத் தாண்டும்.

பணத்தைவிடப் பெரிய தடை இடம். இந்தக் குண்டு ஆறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நின்று ஊர்ப்பக்கமாகச் சாய்வாக மேல்நோக்கிச் சுட்டால், உங்கள் லாஸ்பேட்டையைத் தாண்டி எங்கோ ஒரு வீட்டின் மேல் விழும். மலையும் மேடும் இல்லாத நம் சமவெளியில் இதைப் பாதுகாப்பாகச் சுட ஓரிடத்தை என்னால் காட்ட முடியாது.

கேள்வி: திருச்சியில் செய்யும் பெரிய ரைஃபிளைப் பொதுமக்களுக்கு விற்பார்களா? *(விருத்தாசலம் வாசகர்)*

பதில்: மாட்டார்கள். திருச்சி படைக்கலத் தொழிற்சாலை உருவாக்கிய 'வித்வன்சக்' 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என மூன்று அளவுகளுக்கும் குழலை மாற்றிக்கொள்ளக் கூடியது. பதுங்கு குழிகளையும் வாகனங்களையும் தாக்குவதற்கென்று படைகளுக்காகச் செய்யப்பட்டது.

கேள்வி: பெரிய போர் சுட்டால் தோள் எலும்பு உடையுமா? *(கடலூர் முதுநகர் வாசகர்)*

பதில்: துப்பாக்கியின் எடைதான் உதையை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸை ஏழு கிலோவுக்குச் செய்தார்கள். அப்படியும் அதன் உதை சாதாரண 12 போர் ஷாட்கன்னைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். ஐம்பது கேலிபரில் குழல் முனையில் ஒரு தடுப்பு இருக்கும்; அது புகையைப் பின்பக்கமாகத் திருப்பி உதையைக் குறைக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கு அதுவே ஆபத்து.

நான் பட்டது வெறும் 12 போரில்தான். விசை தேய்ந்த ஓர் இரட்டைக்குழலைச் சோதித்தபோது இரண்டு குழலிலும் தோட்டா ஒன்றாக வெடித்தது. தோள் பத்து நாள் நீலம் பாரித்திருந்தது. கிணற்றில் வாளியை இழுக்க முடியவில்லை. அப்போது காதை மூடாமல் சுட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். வலது காதில் ஓர் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை.

கேள்வி: மணிலா (நிலக்கடலை) வயலில் காட்டுப்பன்றித் தொல்லை. வலுவான ரைஃபிளாக வாங்கலாமா? *(பண்ருட்டி விவசாயி)*

பதில்: உங்கள் நஷ்டம் புரிகிறது ஐயா. ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட அனுமதி இருக்கிறது என்று பொருள் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வனத்துறைக்கு மனு கொடுங்கள். இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

1690இல் ஆங்கிலேயர் நம் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, நாலாபுறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை தங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அது இன்றும் வாழ்கிறது. உங்கள் வயலில் சுடும் ரைஃபிள் குண்டும் வரப்போடு நிற்காது. கெட்டியான செம்மண்ணில் பட்டுத் தெறித்தால் அடுத்த ஊர் வரை போகும். இரவில் அந்தப் பக்கம் யார் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: பதின்மூன்று வயது மகள் துப்பாக்கி சுடுதல் கற்க ஆசைப்படுகிறாள். பெரியதாக வாங்கினால் நீண்ட நாள் பயன்படுமா? *(ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்)*

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது, அம்மா. சிறியதிலிருந்தே தொடங்குங்கள்: 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள், பத்து மீட்டர் தூரம். குண்டு அரை கிராம்தான், ஒரு டப்பாவில் ஐந்நூறு இருக்கும். முதலில் சொந்தமாக வாங்காமல், ஒரு ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் பழகட்டும். உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர் என்று மகளிடம் சொல்லுங்கள். அவர் சுடுவதும் இதே அளவுதான். அந்த இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர், பேனா முனை தொட்டு எடுத்த அளவு.