குடித்தனக்காரர் ஈபி பில் கட்டலன்னா ஃபியூஸ புடுங்கலாமா?

ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மாடி போர்ஷன வாடகைக்கு விட்டிருக்காங்க, வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000. வாடகை மாசாமாசம் ஜிபேல வந்துடுது, ஆனா ரெண்டு ஈபி பில்லு 8,200, நாலு மாச தண்ணி மெயின்டனன்ஸ் 3,200, ஆக 11,400 பாக்கி நிக்குது. கேட்டா "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ங்கிறாராம். லைன கட் பண்ணிட்டா வழிக்கு வருவாரான்னு கேக்குறாங்க.

அம்மா, தயவுசெஞ்சு அந்த ஃபியூஸ்ல கை வைக்காதீங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017ல போட்டு 2019 பிப்ரவரி 22லேருந்து நடைமுறைல இருக்குறது, கரண்ட், தண்ணி மாதிரி அத்தியாவசிய வசதிய ஓனர் நிறுத்தவே கூடாதுன்னு 20வது பிரிவுல சொல்லுது. வாடகைதாரர் இந்தச் சட்டப்படி நியமிச்ச வாடகை அதிகாரிகிட்ட ஒரு மனு போட்டா, விசாரணை முடியுறதுக்கு முன்னாடியே லைன குடுங்கன்னு உத்தரவு வரலாம். எங்கிட்ட வந்த ஒருத்தர் சித்திரை வெயில்ல இப்படித்தான் புடுங்கிட்டாரு, மேல கைக்குழந்த இருந்துச்சு, மறுநாள் ஸ்டேஷன்ல நின்னு பேச வேண்டியதா போச்சு, பாக்கி அப்படியே கெடந்துச்சு, தப்பு மட்டும் இவர் பக்கம் வந்துருச்சு.

முதல்ல ஈபி பில்ல நீங்களே கட்டிடுங்க. வயிறு எரியும், எனக்குத் தெரியும். ஆனா இணைப்பு உங்க பேர்ல இருக்கு, மின்வாரியத்துக்கு உங்க வாடகைதாரர் யாருன்னே தெரியாது, அவங்க கணக்குல பாக்கி வச்சிருக்கறது நீங்கதான். அவங்க வந்து லைன கட் பண்ணுனா மறு இணைப்புக் கட்டணமும் உங்க தலைலதான் விழும். கட்டுன ரசீத பத்திரமா வைங்க, நாளைக்கு வசூல் பண்றப்போ அதுதான் உங்க ஆதாரம்.

அடுத்து அக்ரிமென்ட எடுத்து ஒரு வரி தேடுங்க: "மின்கட்டணம், தண்ணீர், பராமரிப்பு வாடகைதாரர் செலுத்த வேண்டும்". அது இருந்தா உங்க கை ஓங்கிருக்கு, ஏன்னா 21வது பிரிவுல வாடகையோட சேத்து "இதர கட்டணங்கள்"னும் இருக்கு, ரெண்டு மாச பாக்கி நின்னு, நோட்டீஸ் கெடச்சு ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டலன்னா காலி பண்ணச் சொல்லி ரென்ட் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த வரி இல்லன்னா ஈபிக்கு தனி மீட்டர் இருந்தா ஓரளவு வாதாடலாம், ஆனா தண்ணி மெயின்டனன்ஸ் கொஞ்சம் இழுபறிதான், வாட்ஸப்ல அவரு "அடுத்த மாசம் தரேன்"னு ஏதாவது போட்டிருந்தா அத அழிச்சிடாதீங்க.

நோட்டீஸ்ல மொத்தமா 11,400ன்னு எழுதாதீங்க, எந்தெந்த மாசத்து ஈபி பில்லு, மீட்டர் ரீடிங் என்ன, எந்தெந்த மாசத்து தண்ணிக் காசுன்னு தனித்தனியா எழுதி, பில் நகலும் வச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. இனிமே வாடகை ரசீதுலயும் "ஆவணி வாடகை மட்டும் பெறப்பட்டது, மின் பாக்கி 8,200 நிலுவை"ன்னு எழுதுங்க, இல்லன்னா எல்லாம் பைசல் ஆயிடுச்சுன்னு பின்னாடி சொல்லுவாங்க.

அட்வான்ஸ்ல கழிக்கிற பேச்சுக்கு இப்ப ஒத்துக்காதீங்க. அது மூணு மாச வாடகைதான், சட்டமும் பொதுவா அவ்வளவுதான் வாங்கச் சொல்லுது, இப்பவே 11,400 கழிச்சா கடைசில கைல 15,600தான் மிஞ்சும். அவரு காலி பண்ணுனப்புறம் ஒரு மாசத்துக்குள்ள அவரோட பாக்கியக் கழிச்சுக்கிட்டு மீதிய நீங்க திருப்பிக் குடுக்கணும், அதுக்கு மேல வச்சிருந்தா தப்பு உங்க மேல. கழிக்கிறதுலயும் ஒரு நியாயம் இருக்கு: ஒடஞ்ச சுவிட்ச், கொழாய் வாஷர் இதெல்லாம் அவர் பொறுப்பு, ஆனா வெள்ளையடிக்கிறதும் வயரிங்கும் சட்டத்தோட அட்டவணைப்படி ஓனர் பொறுப்பு, "பெயின்ட் காசு"ன்னு ஒரு மாச வாடகைய அமுக்குறது நம்மூர்ல வழக்கமா போச்சு, அது சரியில்லங்க.

உங்க அக்ரிமென்ட் 20 ரூபா பத்திரத்தோட நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எழுதி 90 நாளைக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். அத விட்டதால கேஸ்னு போறப்போ கேள்வி வரும், நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீல்கிட்ட காகிதத்தக் காட்டிடுங்க. அவரு தங்குறதா இருந்தா புதுசா எழுதி, ஈபி வரியையும் சேத்து பதிவு பண்ணிடுங்க.

காலி பண்ற அன்னிக்கு ரெண்டு பேரும் மீட்டர் முன்னாடி நின்னு ரீடிங்க ஃபோட்டோ எடுத்துக்கங்க. ஈபி ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்தான் கணக்கெடுக்குறாங்க, அவரு சாவியக் குடுத்துட்டுப் போனப்புறம்தான் கடைசி பில்லு வரும்.