மார்க் மட்டும் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால்?

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருத்திய தாளில் மார்க்கும் சிவப்புக் கோடும்தான் இருக்கின்றன. விடையைப் பார்த்தால் புரிகிறது. அடுத்த தேர்வில் அதே இடத்தில் மறுபடி சறுக்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: பார்த்தால் புரிவது வேறு, பார்க்காமல் போட வருவது வேறு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதனால் தாள் கைக்கு வந்ததும், தவறிய கணக்கை விடை பார்க்காமல் முதலிலிருந்து போடுங்கள். தடுமாறும் வரியில் ஒரு குறி வையுங்கள்.

உதாரணத்துக்கு, இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கிய 4 மீட்டர் பீம் (உத்தரம்). அதன் நீளம் முழுக்க, மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பரவல் சுமை. மொத்தம் 40-ஐ நடுவில் ஒரே புள்ளியில் வைத்து, அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புத்திறன்) 40 கிலோநியூட்டன் மீட்டர் என்று எழுதுபவர்கள் உண்டு. சரியான விடை 20. ரியாக்‌ஷன்கள் (முனைகளில் பீமைத் தாங்கும் விசைகள்) சரியாக வந்துவிடுவதால், பெருக்கலில் பிசகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிசகு அங்கே இல்லை. புள்ளிச்சுமையாக மாற்றுவது ரியாக்‌ஷன் கண்டுபிடிக்கச் செல்லும்; பீமை நடுவில் வெட்டிப் பார்க்கும்போது செல்லாது, அப்போது வெட்டிய பக்கத்தில் இருக்கும் சுமை மட்டுமே கணக்கு. இதைத் தாளில் எழுத ஒரு வரி போதும். ஆசிரியரிடம் கட்டுக்கட்டாகத் தாளைக் கொடுத்து, சீக்கிரம் மார்க்கை ஏற்று என்று விரட்டினால் அந்த வரியை யார் எழுதுவார்?

ஆசிரியரிடம் "மார்க் ஏன் குறைந்தது" என்று கேட்காதீர்கள். பேச்சு மார்க்கோடு முடிந்துவிடும். குறி வைத்த வரியைக் காட்டி, "இங்கே இப்படி மாற்றியது ஏன் தப்பு?" என்று கேளுங்கள்.

அப்புறம், காசுக்கு அசைன்மென்ட் முடித்துத் தருபவர்கள் பக்கமே போகாதீர்கள். அசைன்மென்ட்தான் அதிக நஷ்டமில்லாமல் தப்பு செய்யக் கிடைக்கும் இடம். வேறொருவன் போட்டதைக் கொடுத்தால், ஆசிரியர் திருத்துவது அவனுடைய தப்பை. மார்க் உங்களுக்கு, பாடம் அவனுக்கு. ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்பவர்களும் இதே ரகம்தான்.

விடை பார்க்காமல் போடுவதற்கு ஒரே ஒரு விலக்கு. பாடமே புதிது என்றால், முதல் சில கணக்குகளுக்குத் தீர்த்த உதாரணங்களைப் படிப்பதே நல்லது. ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985-இலேயே அல்ஜீப்ராவில் இதைக் காட்டிவிட்டார்கள். அப்போதும் அடுத்த வரியை மறைத்துவைத்து, என்ன வரும் என்று ஊகித்துவிட்டுப் பாருங்கள். ஒரு கணக்கு தானாக வந்துவிட்டால் உதாரணத்தை மூடிவிடுங்கள். அரியர் பேப்பருக்கு இந்தச் சலுகை கிடையாது. "எனக்கு எல்லாமே புதுசுதான் சார்" என்பதும் செல்லாது.

தாளையே கண்ணில் காட்டாத இடமென்றால், தேர்வெழுதிய அன்றே வினாத்தாளை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். என்ன எழுதினோம் என்பது அன்றைக்குத்தான் நினைவிருக்கும்.