தேன்சிட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் செர்ரி பூத்த கிளைகளில் பச்சைநிறச் சிறு பறவைகள் கூட்டமாகத் தேன் குடிக்கும் படங்களைப் பார்த்தேன். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சாலையோரத் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கியும் அப்படியொரு காட்சியைக் காணவில்லை. எங்கள் செம்பருத்தி வேலிக்கு ஹம்மிங் பறவைகள் ஒன்றிரண்டு மட்டும் வருகின்றன. நமக்கு வசந்தம் இல்லாததுதான் காரணமா? சீனித் தண்ணீர் வைத்தால் நிறைய வருமா?

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

உங்கள் வேலிக்கு வருபவை தேன்சிட்டுகள். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையில் வாழ்வதில்லை. தேன்சிட்டும் சில நொடிகள் அந்தரத்தில் நிற்கும் என்றாலும், பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும்; செம்பருத்தி போன்ற பெரிய பூக்களில் அடிப்புறத்தைத் துளைத்து, மகரந்தத்தைத் தொடாமலேயே தேனை எடுத்துவிடுவதும் உண்டு. நம் தோட்டப்புறங்களில் அதிகம் தென்படும் வகையில், நீலக்கருமையாக மின்னும் கழுத்தும் மஞ்சள் வயிறும் கொண்டது ஆண். பெண்ணுக்கு அந்த மின்னல் கிடையாது.

நீங்கள் படத்தில் கண்டது மெஜிரோ என்னும் வெள்ளைக்கண்ணி. அதன் நெருங்கிய உறவுப் பறவையைத்தான் நம் ஊரில் 'மாத்தா பூத்தே' என்று கூண்டில் அடைத்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்கு அந்தப் பொழுதுபோக்கில் மரியாதை இல்லை. வெள்ளைக்கண்ணியின் நாக்கு நுனியில் இழையிழையாகப் பிரிந்திருப்பதால் பூந்தேனை எளிதாக ஒற்றியெடுக்கிறது. கோடையில் பூச்சிகளையும் இலையுதிர்காலத்தில் பழங்களையும் உண்ணும் அப்பறவைக்கு, பூச்சிகள் அருகிப்போகும் குளிர்காலத்தின் பின்பகுதியில் கமேலியாவும், அதைத் தொடர்ந்து பிளம், செர்ரி மரங்களும்தான் துணை. பூச்சிகள் குறைந்த அந்த நாட்களில் கமேலியாவுக்கு மகரந்தம் சுமப்பதும் பெரிதும் இந்தப் பறவையே. ஆக, நீங்கள் வியந்த கூட்டத்துக்குப் பின்னால் இருப்பது பற்றாக்குறை: உணவு ஒரு சில மரங்களில் குவிந்திருப்பதால் பறவைகளும் அங்கே குவிகின்றன.

இங்கே நிலைமை வேறு. தெக்கோமா வறண்ட நாட்களை அடுத்துச் சில நாள் பூத்து உதிர்ந்துவிடும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் கொல்லை வாழையும் ஆண்டு முழுவதும் ஏதோவோர் அளவில் பூத்துக்கொண்டே இருக்கும். சிதறிக் கிடக்கும் உணவைத் தேடித் தேன்சிட்டு தனியாகவோ இணையாகவோ சுற்றுகிறது. தன் பூக்களுக்கு வரும் இன்னொன்றை விரட்டவும் செய்கிறது. வசந்தம் இல்லாதது குறையன்று. அது இல்லாததால்தான் அந்த ஒன்றிரண்டு பறவைகளை எந்த மாதத்திலும் காண முடிகிறது.

சீனித் தண்ணீர் வேண்டாம். நம் வெப்பத்தில் அது விரைவில் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். மேலும், தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்குச் சிலந்திகளையும் சிறு பூச்சிகளையுமே ஊட்டுகிறது. தொங்கும் பை போன்ற கூட்டைச் சிலந்தி நூலால்தான் இழுத்துக் கட்டுகிறது. ஆகவே வேலிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள், ஒட்டடையைக் கொஞ்சம் விட்டுவையுங்கள், ஒரு வாழைக்கன்றையும் நடுங்கள். வராந்தாவில் தொங்கும் பூச்சட்டியிலோ துணிக்கொடியிலோ அது கூடு கட்டினால், குஞ்சுகள் பறக்கும் வரை அந்த இடத்தை அதற்கே கொடுத்துவிடுங்கள்.