நியூசிலாந்தில் மான் வேட்டைக்கு எனக்கென்று ஒரு ரைபிள் செய்துகொள்ள விரும்புகிறேன். எந்தக் காலிபர் சிறந்தது?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் பண்ணை வேலைக்குச் செல்லவிருப்பதாகவும், அங்கே மான் வேட்டைக்குத் தனக்கேற்ற ரைபிள் ஒன்றைச் செய்வித்துக்கொள்ள விரும்புவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் வெட்டாற்றங்கரைக்காரிதான். கணவரின் வேலையை ஒட்டித் தெற்குத் தீவின் சவுத்லாந்துப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மாட்டுப் பண்ணையில் வேலை செய்து, எனக்கென்று ஒரு ரைபிளைச் செய்வித்துப் பயன்படுத்திவிட்டு, இப்போது ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்ட காலிபரைப் பற்றி, அதாவது குழலின் உள்விட்டத்தையும் அதற்குரிய தோட்டாவையும் பற்றி, கடைசியில் சொல்கிறேன். அது கடைசியில் முடிவு செய்ய வேண்டியது என்பதே காரணம்.

வேட்டை என்ற சொல்லைப் பார்த்ததும் கோபப்படக்கூடியவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். கோடியக்கரையின் வெளிமானை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குகிறவனுக்கு என்னிடம் எந்த இரக்கமும் இல்லை. நம் வயலில் இறங்கும் காட்டுப் பன்றியைக்கூட நாமாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அளித்த அனுமதியும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்குத்தான். நியூசிலாந்தின் நிலை வேறு. வௌவால்களைத் தவிர அந்த மண்ணுக்குரிய தரைப் பாலூட்டிகளே அங்கில்லை. மான்கள் 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவான இமயமலைத் தார் ஆடு 1904இல் விடப்பட்டது. அவற்றைத் தின்னும் விலங்கு எதுவும் அங்கில்லாததால், அவை பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அழிக்கின்றன. அரசே ஆள் வைத்துச் சுட்டுக் குறைக்கிறது. அங்கே நான் சுட்டது எங்கள் வீட்டு உணவுக்கு. அதை ஏற்க மனமில்லாதவர்களோடு வாதிடுவதற்காக இதை எழுதவில்லை.

சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே முதலில் பாதுகாப்புப் பயிற்சியும் தேர்வும் முடித்து உரிமம் பெற வேண்டும்; 2023 முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்; அரசு வனங்களில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். உரிமம் கைக்கு வருவதற்கு முன்னால் எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

இனி ரைபிளுக்கு வருகிறேன். உங்கள் உயரத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. நம் ஊர்ப் பிள்ளை என்பதால் ஐந்தரை அடி அளவில் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். அது சரியென்றால், நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி துப்பாக்கியின் மரக்கட்டையைப் பற்றியது. கடையில் கிடைக்கும் ரைபிள்களில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் பொதுவாகப் பதின்மூன்றரை அங்குலமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். நல்ல உயரமும் நீண்ட கையும் கொண்ட ஆணுக்கு அது பொருந்தும். எனக்கு அது பன்னிரண்டரை அங்குலம்தான் இருக்க வேண்டும் என்பது பிறகு அளந்து தெரிந்துகொண்ட செய்தி. ஒரு அங்குலம்தானே என்று தோன்றலாம். அந்த ஒரு அங்குலத்தால் கை நீண்டு, தோள் பின்வாங்கி, கட்டை தோள்குழியை விட்டு மேற்கையில் உட்காரும். அப்படி உட்கார்ந்த துப்பாக்கி உதைத்தால் வலிக்கும். வலித்தால் அடுத்த முறை விசையை அழுத்தும்போதே கண் மூடும். அதன் பிறகு எந்தக் காலிபராக இருந்தாலும் பயனில்லை.

அங்கே ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிறுவர்களுக்கென்று வரும் ரைபிள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வளர்ந்த பெண் என்றும், சமவெளிப் பண்ணையில் ஆண்களோடு சரிக்குச் சரி வேலை செய்கிறவள் என்றும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததே எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த ரைபிளின் கட்டை நீளத்தில் குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் கன்னம் படிகிற மேடு தாழ்வாக இருந்தது; குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண் பொருந்த வேண்டுமென்றால் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கித் தாடை எலும்பை ஊன்ற வேண்டியிருந்தது. பிடியும் என் விரல்களுக்குப் பருமனாக இருந்ததால், விசையை விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னோக்கி அழுத்த முடியாமல், பக்கவாட்டில் தள்ளும்படி ஆயிற்று. உயரம் குறைந்தவர்களுக்கு நீளத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிற வழக்கம் அந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது.

அந்த ஆண்டு சித்திரையில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் ஊர் ஆசாரி ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் வாழ்நாளில் ரைபிளைத் தொட்டவரல்லர். ஏர்க் கலப்பையும் வண்டி நுகமும் கதவு நிலையும் செய்தவர். உழுகிறவனின் இடுப்பளவைப் பார்த்து மேழியின் உயரத்தை வைப்பதைப் போலத்தானே இதுவும் என்று சொல்லி, கொல்லையில் கிடந்த பூவரசங்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டார். குழலும் இரும்பும் இல்லாத வெறும் பின்கட்டை. முன்னால் ஸ்கோப்பு இருக்கும் உயரத்தில் ஒரு மூங்கில் குழாயைக் கட்டியிருந்தார். சவுத்லாந்தின் குளிரில் கனத்த மேலங்கியோடுதான் சுட வேண்டும், அங்கியின் தடிமன் நீளத்தைத் தின்றுவிடும் என்பதால், அந்த வெயிலில் கணவரின் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தோளில் ஏற்றுவேன்; கன்னம் தானாகப் படிந்த பிறகு கண்ணைத் திறப்பேன். மூங்கில் குழாயின் வட்டம் முழுதாகத் தெரியாவிட்டால் அவர் வாங்கி, அரத்தால் ஓரிடத்தில் ராவியோ இன்னோரிடத்தில் ஒரு சில்லை ஒட்டியோ திருப்பித் தருவார். நான் கழுத்தை நீட்டிச் சரிக்கட்ட முயன்றதைப் பார்த்துவிட்டு, "தலை கட்டையத் தேடிப் போவக் கூடாது பாப்பா, கட்டைதான் கன்னத்தத் தேடி வரணும்" என்று அதட்டினார். இரண்டு பொழுதுகளில், எப்படித் தூக்கினாலும் கண் திறந்தவுடன் வட்டம் முழுதாகத் தெரிகிற நிலை வந்தது.

அந்தக் கட்டையைப் பழுப்புத் தாளில் வைத்துப் பக்கவாட்டையும் மேற்புறத்தையும் வரைந்துகொண்டு, நீளம், கன்னமேட்டின் உயரம், பிடியின் சுற்றளவு, பின்முனையின் சாய்வு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சென்றேன். சவுத்லாந்தில் எனக்கு ரைபிள் செய்து கொடுத்த தொழிலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதை அளந்தவர் எத்தனை காலமாகத் துப்பாக்கி செய்கிறார் என்று கேட்டார். என் ஊர் ஆசாரியின் கைத்திறனை அந்த மனிதர் மதித்ததைவிடப் பெரிய பரிசு அந்த ரைபிளில் எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை. நீங்களும் புறப்படுவதற்கு முன் உங்கள் ஊர் ஆசாரியிடம் அளவெடுத்துக்கொண்டு செல்லுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; தோட்டாவை உள்ளே தள்ளும் தண்டான போல்ட் இடப்பக்கம் இருக்கும், சுடும் இயக்கப் பகுதியான ஆக்‌ஷனைத் தேடி வாங்க வேண்டும், கட்டையின் வளைவும் மறுபக்கம் அமைய வேண்டும்.

கட்டையின் பொருளைப் பற்றிச் சொல்லும்போது என் அப்பாவின் துப்பாக்கியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி அது; குழல் அளவு பன்னிரண்டு போர். வாரம் தவறாமல் எண்ணெய் துணியால் துடைத்து வைப்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அமைதிக்காக அந்த விதி இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒப்படைத்ததை ஈரச் சுவரில் சாய்த்துப் போட்டுவிட்டு, ஐப்பசி அடைமழைக்குப் பிறகு திருப்பித் தருவதை எப்படி ஏற்பது? குழலின் உட்புறம் துருவேறிக் குழி விழுந்து, கட்டை ஊதி, இரும்போடு சேருமிடத்தில் விரிசல் கண்டிருந்தது. கேட்டதற்கு ஒழுங்கான பதிலில்லை. அப்பா மனம் வெறுத்து உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டத்தை மதித்து நடக்கிற ஒருவரின் பொருளுக்கு ஒரு எண்ணெய் துணியளவு மரியாதைகூட இல்லை என்பது எங்கள் வீட்டில் ஆறாத வருத்தம்.

அந்தத் துருவை நினைவில் வைத்துத்தான் நான் துருப்பிடிக்காத எஃகுக் குழலையும், மெல்லிய மரத்தகடுகளைப் பிசினால் அழுத்தி ஒட்டிய கட்டையையும் தேர்ந்தெடுத்தேன். நம் தஞ்சைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது, தெற்குத் தீவின் மேற்குக் கரையில் மில்ஃபோர்ட் சவுண்டில் 6,000 மி.மீ.க்கும் மேல். ஒற்றை வால்நட் கட்டை அழகானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஈரம் குடித்து அசைந்து குழலைத் தொட்டால், குண்டு விழும் இடம் நாளுக்கொரு பக்கமாக மாறும். எந்தக் கட்டையாக இருந்தாலும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஆக்‌ஷன் உட்காரும் இடம் எபாக்சிப் பிசினால் வார்த்து இடைவெளியின்றிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; அங்கிருந்து முன்னால் குழல் கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்தால் தடையின்றி வர வேண்டும்.

தொழிற்சாலை ரைபிளே போதும், தனியாகச் செய்வது வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. பின்லாந்தின் டிக்கா, ஜப்பானின் ஹோவா போன்றவை நல்ல தோட்டாவோடு 100 மீட்டரில் 3 செ.மீ. வட்டத்துக்குள் சுடக்கூடியவை, மானின் நெஞ்சறையோ ஒரு சாண் அகலத்துக்குக் குறையாது. அதனால்தான் குழலுக்குப் பெரும் பணம் கொடுக்காதீர்கள் என்கிறேன். அத்தகைய ஆக்‌ஷனையும் குழலையும் வாங்கி, கட்டையை உங்களுக்கென்று செய்வித்து, விசையின் எடையை மூன்று பவுண்டு அளவில் சுத்தமாக விடுபடும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததும் அதுவே.

குழலின் நீளத்தை நீங்கள் வேட்டையாடப்போகும் இடம் முடிவு செய்யும். அடர்ந்த புதர்க்காட்டில் மான் எதிர்ப்படுவது பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான். அங்கே ஒலியடக்கி பொருத்துவது சட்டப்படி இயல்பான வழக்கம், அதன் நீளமும் குழலோடு சேரும் என்பதால், 16 முதல் 20 அங்குலக் குழல் போதும். ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் குண்டின் வேகம் நொடிக்கு 20, 30 அடி குறையும். அந்தத் தொலைவில் அது மானுக்கும் உங்களுக்கும் தெரியாது. மலைமேல் வெட்டவெளியில் தார் ஆட்டைத் தேடுகிறவருக்கு மட்டும் 22, 24 அங்குலம் பொருந்தும்.

இப்போது காலிபர். .300 வின்செஸ்டர் மேக்னத்தை எல்லோரும் பரிந்துரைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் உதை 7 மி.மீ.-08 ரெமிங்டனின் உதையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. புதிதாகச் சுடப் பழகுகிறவர் அதை வாங்கினால் பயிற்சிக்கே போக மாட்டார். தொலைவில் சுடும் ஆசைக்காக வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் 200 மீட்டரைத் தாண்டிச் சுடுவதில்லை. சிவப்பு மானுக்கு 1952இல் வந்த .308 வின்செஸ்டரோ, அதே தோட்டாவின் கூட்டிலிருந்து 1980இல் பிறந்த 7 மி.மீ.-08ஓ தாராளமாகப் போதும்; 2007இல் வந்த 6.5 கிரீட்மூரும் குறையில்லாதது. மூன்றுமே குட்டை ஆக்‌ஷனில் அடங்குவதால் ரைபிளின் எடையும் குறையும். நான் 7 மி.மீ.-08ஐத் தேர்ந்தெடுத்து, 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) எடையுள்ள குண்டோடு பயன்படுத்தினேன். ஈயம் கலவாத செம்புக் குண்டு வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே எடையில் அது நீளமானது, நீளமான குண்டு நிலையாகப் பறக்கக் குண்டைச் சுழலவிடும் குழலின் உட்புற வரிகளின் முறுக்கு விரைவாக இருக்க வேண்டும்.

.308க்கும் 7 மி.மீ.-08க்கும் இடையே முடிவெடுக்க முடியாவிட்டால், நீங்கள் குடியேறும் ஊரின் கடையில் இரண்டில் எந்தத் தோட்டா எப்போதும் கிடைக்கிறது என்று பார்த்து அதையே வாங்குங்கள். சிற்றூர்க் கடைகளில் பெரும்பாலும் அது .308ஆக இருக்கும்.