குமிழ் இருந்தால் பாதி வெற்றி: செங்கல் உடைக்கும் ஆட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சின்ன வயதில் டிவி கேமில் ஆர்கனாய்டு பிரமாதமாக ஆடுவேன். இப்போது செல்போனில் இதே மாதிரி ஆட்டம் ஆடினால் மட்டை எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. கை போய்விட்டதா?

பதில்: கை எங்கேயும் போகவில்லை, கருவிதான் மாறிவிட்டது. மட்டையால் பந்தைத் தட்டிச் செங்கற்களை உடைக்கும் இந்த ஆட்டம் பிறந்தது பட்டனுக்காக இல்லை, திருகுகிற குமிழுக்காக. 1976-ல் அட்டாரி வெளியிட்ட பிரேக்அவுட்டிலும் சரி, 1986-ல் டைட்டோ கொண்டுவந்த ஆர்கனாய்டிலும் சரி, குமிழைச் சட்டென்று சுழற்றினால் மட்டை மறுகோடிக்குப் பாயும். மெல்லத் திருப்பினால் நூல் அளவு நகரும். பட்டனில் அப்படிக் கையின் வேகத்தை மட்டைக்குச் சொல்ல வழி கிடையாது. அதனால்தான் அமெரிக்காவில் நிண்டெண்டோ நெஸ் கருவிக்கு ஆர்கனாய்டை விற்றபோது குமிழ் வைத்த தனிக் கன்ட்ரோலரையும் கூடவே கொடுத்தார்கள்.

நீங்கள் டிவி கேமில் பழகியது, பந்து இறங்குவதற்கு முன்பே பட்டனை அழுத்தி ஓடத் தொடங்குவது. தொடுதிரையில் அந்த அவசரம் தேவையில்லை. அங்கேயும் அவசரப்படுவதால்தான் மட்டை தாண்டிப் போய்விடுகிறது. விரலை மட்டையின் மேலேயே வைக்காதீர்கள், மறைத்துவிடும். மட்டைக்குக் கீழே இடம் விட்டிருக்கும் ஆட்டமாகத் தேர்ந்தெடுத்து, விரலை அங்கே வைத்து இழுங்கள். கண் பந்தைத் துரத்த வேண்டாம், அது இறங்கப்போகிற இடத்தைப் பார்க்கட்டும். எந்தக் கருவியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கை அசைகிற அளவுக்கு மட்டை அசைகிறதா? கிராபிக்ஸ் எல்லாம் அப்புறம்.

கேள்வி: உறவினர் ஒருவர் பழைய அட்டாரி 2600 கேம் கருவி கொடுத்தார். குமிழ் வைத்த கன்ட்ரோலரான பேடிலைத் தொடாவிட்டாலும் திரையில் மட்டை துடித்துக்கொண்டே இருக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பேடிலுக்குள் இருப்பது ஒரு பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருப்பதும் அதே வகைப் பொருள்தான். வால்யூமைத் திருகும்போது ரேடியோ கரகரக்குமே, அந்தக் கரகரப்புதான் இங்கே துடிப்பாகத் தெரிகிறது. உள்ளே வளையமாக ஓடும் கார்பன் தடத்தில் அழுக்கு படிந்திருக்கும். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை திருப்பிப் பாருங்கள். சில பேடில்கள் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் குமிழை நேராக மேலே இழுத்துக் கழற்றி, அடியில் உள்ள ஸ்க்ரூக்களைத் திறந்து, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து மறுபடி திருப்புங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடாது. பிசுக்கு சேர்ந்து இன்னும் மோசமாகும். தடம் தேய்ந்தே போயிருந்தால்தான் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: பழைய கருவியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் எத்தனையோ பழைய ஆட்டங்கள் ஓடுகின்றன. 1976 பிரேக்அவுட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

பதில்: காசு போட்டு ஆடும் அந்த ஆர்கேட் இயந்திரத்துக்குள் பிராசசரே கிடையாது, அதனால் எடுத்து ஓட்டுவதற்கு ஒரு நிரலும் கிடையாது. பந்து, மட்டை, எண்ணிக்கை எல்லாமே பலகையில் இணைத்த லாஜிக் சிப்புகளின் வேலை. ஒவ்வொரு சிப்பின் நடத்தையையும் பாவனை செய்தால்தான் ஆட்டம் ஓடும். டைஸ் என்ற எமுலேட்டர் அதற்கென்றே எழுதப்பட்டது. வண்ணம்கூட மின்னணுவில் இல்லை: திரை கறுப்பு வெள்ளை, மேலே ஒட்டிய நிறத் தாள்தான் செங்கல் வரிசைகளுக்கு நிறம் கொடுத்தது. வீட்டில் சுலபமாக ஆட வேண்டுமானால் 2600 பதிப்பை ஸ்டெல்லா என்ற எமுலேட்டரில் ஓட்டுங்கள். மவுஸையே பேடிலாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிரேக்அவுட்டைச் செய்தது ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் என்கிறார்களே?

பதில்: யோசனை அட்டாரியின் நோலன் புஷ்னெல், ஸ்டீவ் பிரிஸ்டோ இருவருடையது. அங்கே வேலை பார்த்த ஜாப்ஸ் வேலையை ஒப்புக்கொண்டார். இரவும் பகலுமாக நான்கு நாளில் மாதிரியைச் செய்து முடித்தவர் அவர் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக். சிப்புகளை மிகவும் குறைத்துச் செய்திருந்ததால் அட்டாரி அதை அப்படியே உற்பத்திக்கு எடுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு வீண்போகவில்லை. ஆப்பிள் 2 கணினியில் வண்ணம், ஒலி, பேடில் இணைப்பு எல்லாம் வந்தது இந்த ஆட்டத்தை பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதி ஆட வேண்டும் என்று வோஸ்னியாக் ஆசைப்பட்டதால்தான். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: ஓரத்தில் ஓட்டை போட்டுப் பந்தை மேலே அனுப்புவது நல்ல உத்தியா?

பதில்: ஆமாம். மேல் சுவருக்கும் செங்கற்களுக்கும் நடுவே சிக்கிய பந்து உங்கள் உதவி இல்லாமலே உடைத்துத் தள்ளும். 2015-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் மென்பொருள் 2600 பிரேக்அவுட்டைத் தானாகப் பழகியபோது, அதுவும் இந்த வழியைத்தான் கண்டுபிடித்தது. ஆனால் 1976 ஆர்கேட் இயந்திரத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. பந்து மேல் சுவரைத் தொட்டதுமே மட்டை பாதியாகச் சுருங்கிவிடும். வேகமும் நான்காவது அடியில் ஒருமுறை, பன்னிரண்டாவது அடியில் ஒருமுறை ஏறும். ஆரஞ்சு, சிவப்பு வரிசைகளைத் தொட்டால் இன்னும் ஏறும். அதனால் முதலில் கீழே மஞ்சள், பச்சை வரிசைகளில் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு ஓட்டை போடுங்கள். மஞ்சளுக்கு 1, பச்சைக்கு 3, ஆரஞ்சுக்கு 5, சிவப்புக்கு 7 புள்ளி. ஒரு சுவருக்கு 448, இரண்டு சுவருக்கு 896. அதோடு சரி, மூன்றாவது சுவர் வராது.

கேள்வி: ஆர்கனாய்டில் செங்கல் உடையும்போது விழும், எழுத்து போட்ட மாத்திரைகளில் எதைப் பிடிப்பது?

பதில்: பந்தைப் பிடித்து நிறுத்தும் ‘சி’ அல்லது சுடும் ‘எல்’. ஒன்றைப் பிடித்தால் கையில் இருந்தது போய்விடும், அதனால் விழுவதையெல்லாம் பொறுக்காதீர்கள். ‘டி’ பிடித்தால் பந்து மூன்றாகும். ஆனால் ஒரே பந்து மிஞ்சும் வரை புது மாத்திரை விழாது. தங்கச் செங்கல் எத்தனை அடித்தாலும் உடையாது, அதைச் சுற்றித்தான் வழி தேட வேண்டும்.

கேள்வி: திருவிழாக் கடையில் வாங்கிய ‘9999 இன் 1’ பிரிக் கேமில் ஆடினால் பயிற்சி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அதன் திரை 10-க்கு 20 கட்டம்தான். பந்து கட்டம் கட்டமாகத் தாவும். கோணத்தை நுணுக்கமாக மாற்ற முடியாது. நேரம் போக நல்ல பொருள், அவ்வளவுதான்.

கேள்வி: பெரிய எல்இடி டிவியில் இணைத்தால் பந்து மட்டையைத் தாண்டிய பிறகே மட்டை நகர்வது போல இருக்கிறது.

பதில்: டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அமைப்பில் ‘கேம் மோட்’ போடுங்கள். அப்படியும் தாமதம் தெரிந்தால் கணினி மானிட்டரில் இணைத்துப் பாருங்கள். பழைய பெட்டி டிவி வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டாரிக்கு அதுவே பொருத்தம்.