பயாப்ஸிக்குக் கையெழுத்து வாங்கி, கழுத்துத் தசையையே எடுத்துவிட்டார்கள்!

கேள்வி: வயது 49, பள்ளி ஆசிரியை. கழுத்தின் வலப்பக்கம் மூன்றே வாரத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி வந்தது. ஊசி வைத்து எடுத்த சோதனையில் ‘சார்கோமா (தசை, எலும்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) சந்தேகம்’ என்றார்கள். தனியார் மருத்துவமனையில் பயாப்ஸி (சிறு துண்டு மட்டும் எடுத்துச் சோதிப்பது) என்று கையெழுத்து வாங்கினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தம்பியிடம் இன்னொரு கையெழுத்து வாங்கி, தசையோடு கட்டியை எடுத்துவிட்டார்கள். பில் 2,60,000 ரூபாய். பிறகு வந்த ரிப்போர்ட்: ‘புரோலிஃபரேடிவ் மயோசைடிஸ், புற்றுநோய் அல்ல.’ இப்போது வலது தோள் இறங்கி, கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. போலீசுக்குப் போகலாம் என்கிறார் கணவர்.

பதில்: அம்மா, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘நோயைத் தப்பாகக் கண்டுபிடித்தார்கள்’ என்று மட்டும் வழக்குப் போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வந்தது அபூர்வமான தசை வீக்கம். 1960-ல்தான் அதற்கு இந்தப் பெயரே வந்தது. மளமளவென்று வளரும், நுண்ணோக்கியில் பெரிய பெரிய செல்களாகத் தெரிந்து, பழகிய கண்ணையும் சார்கோமா என்று ஏமாற்றும். ஆனால் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். சாதாரணத் திறமையுள்ள இன்னொரு டாக்டரும் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் அது அலட்சியம் ஆகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்.

உங்கள் பலம் நீங்கள் அனுப்பிய ஒப்புதல் படிவம். ‘பயாப்ஸி’ என்பது நீல மையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, ‘வைட் எக்ஸிஷன்’ (சுற்றியுள்ள தசையோடு அகலமாக வெட்டி எடுப்பது) என்று கறுப்பு மையில். கீழே தம்பியின் கையெழுத்தும் கறுப்புதான். அந்தக் கறுப்பு எழுத்து எப்போது ஏறியது?

சமீரா கோலி வழக்கு (2008) உங்களுடையதுபோலவே. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது விழித்ததும் அவரையே கேட்டிருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய்தான், மலைக்காதீர்கள். டாக்டர் நல்லெண்ணத்தில் செய்தார், பெரிய பின்விளைவு காட்டப்படவில்லை என்பதால் தொகை குறைந்தது. உங்களுக்குத் தோளே போயிருக்கிறது.

அந்தத் தோளுக்குப் போகும் நரம்பு கழுத்துத் தசையை ஒட்டித்தான் ஓடுகிறது. அறுவைக் குறிப்பில் அதை அடையாளம் கண்டு காப்பாற்றியதாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். நரம்பியல் மருத்துவரிடம் நரம்புச் சோதனை செய்து ரிப்போர்ட் வாங்குங்கள்.

கேஸ் ஷீட் முழுவதையும் பதிவுத் தபாலில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. ஸ்லைடு (நுண்ணோக்கியில் பார்த்த கண்ணாடித் துண்டு), மெழுகு பிளாக் (எடுத்த தசையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்; ஊசிச் சோதனை ஸ்லைடை வேறொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கட்டும்.

போலீஸ் வேண்டாம். அங்கே மிக மோசமான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். அலைவதற்குள் நுகர்வோர் வழக்கின் இரண்டு வருடக் கெடு ஓடிவிடும். உங்களுக்கு மீதி ஆறே மாதம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பில் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது.

இன்றே ஒன்று செய்யுங்கள். தம்பியை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்: தியேட்டர் வாசலுக்கு வந்தது யார், என்ன சொன்னார், தம்பி கையெழுத்துப் போடும்போது அந்த சாய்கோடு அங்கே இருந்ததா.